வெளிர்நிறப் பாவு ஏறிய மாதங்கள்

வேலூரில் ஒரு மருத்துவமனையில், இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் கேத் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். தினமும் யாராவது ஒருவரின் இதயம் திரையில் துடிக்கும். ஒரு நாள் அப்பாவுடையது துடித்தது. மூன்று குழாய்களிலும் அடைப்பு. சர்க்கரை வேறு.

டாக்டர் பைபாஸ் என்றார். ஸ்டென்டும் வைக்கலாம்; ஆனால் மூன்று குழாயும் கெட்டு, சர்க்கரையும் இருப்பவருக்கு வருடங்கள் போகப்போக பைபாஸ்தான் தாங்கும் என்றார். நான் படித்ததும் அதுதான். எங்கள் ஊர் முள்ளிப்பட்டுக்கு வந்து ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன். பைபாஸ்: ஆரம்பத்தில் நிறைய வலி, பிறகு நீண்ட பலன். ஸ்டென்ட்: சீக்கிரம் வீடு திரும்பலாம், ஆனால் மறுபடி அடைக்கலாம். வெறும் மாத்திரை: அப்பாவின் நிலைமைக்குப் போதாது.

அப்பா தாளைத் தொடவே இல்லை. "எதுல ஜல்தியா தறியில குந்தலாம்? அத்த சொல்லு."

பெரியப்பாவை மனதில் வைத்துத்தான் கேட்டார். அப்பாவின் அண்ணனான அவருக்கு முன்பே பைபாஸ் ஆகியிருந்தது. மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒட்டுப்போட ரத்தக்குழாயைக் காலிலிருந்து எடுத்திருந்தார்கள். குழித்தறியில் குழிக்குள் கால் மிதிக்க வேண்டும், கை பலகையை நெஞ்சை நோக்கி இழுத்து அடிக்க வேண்டும். எலும்பு கூடிய பிறகும் அந்த இழுப்பின்மீது பெரியப்பாவுக்குப் பயம் போகவில்லை. சாயங்காலமானால் அந்தக் கால் வீங்கியது. தறியை விட்டுவிட்டு, ஆரணியில் ஓர் அரிசி மில்லின் கேட்டில் வாட்ச்மேன் ஆனார்.

"அவரு நல்லாதானேப்பா இருக்காரு?" என்றேன்.

"கீறாரு. உள்ள வர்ற லாரி நம்பர எழுதிகினு கீறாரு."

ஸ்டென்ட் வைத்தோம். கொஞ்ச நாளிலேயே அப்பா குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு நான் வரும்போதெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுப்பார்: "இன்னாம்மா டெக்னீஷியன், உன் தாள்ல இது எந்தக் கட்டம்?" எனக்கும் சிரிப்பு வரும்.

ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள். ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன். கிழமைவாரியாக அறை பிரித்த டப்பா ஒன்றை வாங்கி நிரப்பிவைத்தேன். வாராவாரம் வந்து திறந்து பார்ப்பேன். எல்லா அறையும் காலியாக இருக்கும். திருப்தியோடு மறுபடி நிரப்புவேன்.

ஒரு மத்தியானம் தறியிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்சில் எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். என்னை மேசைப் பக்கம் விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். குழாயைப் படத்தில் காட்டச் செலுத்தும் சாய மருந்து, ஸ்டென்ட் வைத்த இடத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே குழாய் இருந்த அடையாளமே திரையில் இல்லை.

"மாத்திரைய நிறுத்திட்டாரா?" என்று டாக்டர் மைக்கில் கேட்டார்.

"இல்ல சார். டப்பா நான்தான் பாக்கறேன்."

வெளியே வந்து அம்மாவிடம் அதையே கேட்டேன். அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"சந்தனக் கலரு பாவு ஏறியிருந்திச்சி," என்றாள்.

தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"நூல்ல கை கிழிஞ்சா ரத்தம் நிக்கமாட்டேங்குதும்மா. மின்ன வாயில வெச்சி சப்பிட்டு நெய்வாரு, நின்னுடும். இந்த மாத்திரை வந்தப்புறம் கசிஞ்சிகினே கீது. மொத சந்தனப் புடவையில ஒரு சொட்டு உழுந்துட்ச்சி. எச்சி தொட்டு எடுத்தேன், ஓரத்துல வளையம் நின்னுபோச்சி. மொதலாளி வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துட்டு, முகூர்த்தப் பொடவையில ரத்தமா, எந்தப் பொண்ணுக்குக் கட்றதுன்னு மூஞ்சியில அட்ச்சாப்ல கேட்டுட்டாரு."

"அதுக்கு?"

"வெளிர் கலரு ஏறினா மாத்திர வாணாம், அரக்கு, பச்ச ஏறினா கறை தெரியாது, போட்டுக்கலாம்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. நீ வர்றதுக்கு மின்ன டப்பாவ காலி பண்ணிடுவாரு. சொன்னா நீ பேஜார் பண்ணுவேன்னு உங்கிட்ட சொல்ல வாணாம்னுட்டாரு."

அது கல்யாண சீசன். மாதக்கணக்காக வெளிர்நிறப் பாவுகள்தான் ஏறிக்கொண்டிருந்தன.

அடைப்பைத் திறந்தார்கள். ஆனால் அதற்குள் இதயத் தசையில் பெரும் பகுதி செத்துவிட்டிருந்தது. பைபாஸ் செய்யலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். படத்தை இரண்டுமுறை ஓடவிட்டுப் பார்த்தார். "முதல்லயே பண்ணியிருக்கலாம். இப்ப நெஞ்சத் தெறந்தா இந்த ஹார்ட் தாங்காதும்மா," என்றார். மிச்சமிருந்தது மாத்திரை மட்டும். போதாது என்று நான் எழுதிய மூன்றாவது கட்டம்.

சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வுகளை இப்போதும் வாசிக்கிறேன். எத்தனை பேர் பிழைத்தார்கள், யாருக்கு மறுபடி அட்டாக் வந்தது, யார் மறுபடி மேசைக்கு வந்தார்கள் என்று வரிசை வரிசையாக இருக்கும். தறியில் என்ன நிறம் ஏறியிருந்தது என்பதற்கு அதில் வரிசை இல்லை.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் பெரியப்பா மில் உடுப்போடு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் வீங்கிய பாதத்தை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த குழி மேலே எழவில்லை.

"என் காலப் பாத்து பயந்தியேடா."

"லாரியெல்லாம் வருதா?" என்றார் அப்பா. அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது.

"வருது, வருது. நீயும் வா, ஆளுக்கொரு கேட்டு."

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது தறியில் அம்மா உட்காருகிறாள். அறைக்குள் நடப்பதற்கே அப்பாவுக்கு மூச்சு போதவில்லை. இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தவளுக்குக் கேட்கத் தேவையில்லை. முதலாளியிடம் போய், இனிமேல் அடர்ந்த நிறமாகவே கொடுங்கள் என்று அம்மா கேட்டு வாங்கி வந்தாள்.

நேற்று காலை டப்பாவைத் திறந்து மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

"அரக்குதான் ஏத்திகீறேன். போட்டுக்கோங்க."

அப்பா தறியில் அம்மா நெய்திருந்த வரை பார்த்தார். "பொடவ ஓரம் இழுக்குது பாரு," என்றார். பிறகு ஒவ்வொன்றாக விழுங்கினார்.