பலாப்பலகையும் சாத்தே குச்சியும்

போன வாரம் ஜோகூரின் பத்து பகாட் ஊரில் ஒரு கடையில், குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதைவிடக் குச்சிகளைப் பரிசோதித்தேன் என்பதே சரி. கோழிக்கறியை உருவித் தின்றுவிட்டு, குச்சியைத் துடைத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரமிருந்தால் சில்லென்று இருக்கும். என் வீட்டுக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "வெளிய வந்தா ஒழுங்கா இருக்க மாட்டியா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோத்தா திங்கியில் சூசை அண்ணன் வீட்டில் நான் குடியிருந்த காலம் அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் லேப்பில் வேலை. பனம்பருப்பைச் சூட்டு அடுப்பில் காயவைத்து, எவ்வளவு ஈரம் போயிற்று என்று எடைபோட்டுப் பார்ப்பேன். ஊரில் யாராவது கேட்டால் "லேப்பில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டால் எனக்கென்ன நஷ்டம்? சூசை அண்ணன் லாரிப் பட்டறை மெக்கானிக். ஃபிலோமினா அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். பிள்ளைகள் மூன்று பேர்: மூத்தவன் ஸ்டீவன், அடுத்து கிளாரா, கடைக்குட்டி அந்தோணி. ஓர் அறையில் நான் வாடகைக்கு.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நாலு கால், அதில் மூன்றுதான் தரையைத் தொடும். அதனால் ஆளுக்கொரு நேரத்தில் வந்து, ஆளுக்கொரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு தின்போம். அக்காவுக்கு அது தீராத குறை.

"ஆறு பேரு இருக்கோம், உன்னையும் சேத்துத்தான் சொல்றேன். ஒரு நாளாவது ஒண்ணா உக்காந்து சாப்புட்டுருக்கோமா? சத்திரம் மாதிரி வந்து தின்னுட்டுப் போறீங்க."

அந்த வருஷம் பேய்மழை ஒன்றில் கொல்லைப் பலாமரம் சாய்ந்து பக்கத்து வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தது. வெட்டித்தான் ஆகவேண்டும். விறகுக்குக் கேட்டு வந்தவரை அக்கா வாசலோடு அனுப்பிவிட்டார். "பெரிய மேசை வேணுங்க. ஆறு பேரும் உக்காரணும். ஸ்டீவன் சிங்கப்பூர் போறதுக்குள்ள செஞ்சு குடுங்க" என்றார் அண்ணனிடம். ஸ்டீவனுக்கு அங்கே வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அண்ணன் மனைவி கேட்டதைச் செய்யாமல் விட்டதில்லை. அவர் செய்கிற வழியைத்தான் யாராலும் தாங்க முடியாது.

சங்கிலி ரம்பத்துக்குத் தானே ஓர் இரும்புச் சட்டம் செய்து மாட்டி, மரத்தை வீட்டிலேயே பலகையாக அறுத்தார். பழம் வெட்டுகிறவர் மாதிரி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மரம் அறுத்தவரை அங்கேதான் பார்த்தேன். மஞ்சளை இடித்துக் கொட்டியதுபோல வாசலெல்லாம் மரத்தூள். அந்த வாசனை என் வேலைச் சட்டையிலும் ஏறியிருந்தது.

பச்சைப் பலகைகளை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பூசணம் பிடிக்கும். நடுவே காற்றுப் போவதற்கு, இரண்டடிக்கு ஒரு குச்சியைக் குறுக்கே வைக்க வேண்டும். மேல்வரிசைக் குச்சி கீழ்வரிசைக் குச்சிக்கு நேராக இருக்க வேண்டும். இதுவரை நியாயம். ஆனால் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தார். குச்சி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டுமாம். ஈரக்குச்சி வைத்தால் பலகையில் கறை விழுமாம், எத்தனை இழைத்தாலும் போகாதாம். அண்ணன் அதைக் கேட்டுவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

காய்ந்த குச்சிக்கு எங்கே போவது? துடைப்பக்கட்டை, கிளாராவின் மர ஸ்கேல், எல்லாவற்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தன, ஆனால் கனம் ஒன்றுபோல இல்லை. எனவே அறுத்து மிஞ்சிய பலாக்கட்டையிலேயே குச்சிகள் செதுக்கினார். அவை பச்சை. அவற்றைக் காயவைக்க அடுக்க வேண்டும். அடுக்கினால் நடுவே வைக்கச் சின்னக் குச்சிகள் வேண்டும். அவையும் காய்ந்திருக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் இந்த வம்சாவளிக்கே மூத்த குச்சியை அண்ணன் கண்டுபிடித்தார். அதுதான் சாத்தே குச்சி.

"புதுக் குச்சி ஒரு பாக்கெட் வாங்கிக்கலாம் லா, ப்பா" என்றான் ஸ்டீவன்.

"புதுசுல ஈரம் இருக்கும்டா. இது கரி நெருப்புல வாட்டுன குச்சி. இதவிட காஞ்ச குச்சி ஜோகூர்லயே கெடையாது."

மறுத்துப் பேச முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டுப் பைத்தியக்காரத்தனம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நியாயம் இருக்கும். அன்று முதல் சாயங்காலமானால் சாத்தே. சாத்தே விற்ற முனைக்கடைக்காரர் எங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். "பலகை காயறதுக்கு நாம ஏங்க திங்கணும்?" என்று அக்கா கேட்டார். அண்ணன் காதில் விழவில்லை.

பாதியில் தவக்காலம் வந்துவிட்டது. ஈஸ்டர்வரை அந்த வீட்டில் யாரும் இறைச்சி தொடமாட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நீ சாப்புடு தங்கச்சி. உனக்குத்தான் தவக்காலம் இல்லியே" என்றார் அண்ணன்.

அவர்கள் கீரையும் மோரும் சாப்பிட, நான் ஒருத்தி உட்கார்ந்து, ஒரு குடும்பத்தின் மேசைக்காகக் கோழி தின்றேன். சட்டைப் பொத்தான் பூட்டவில்லை. தின்ற குச்சியில் கச்சாங் என்கிற வேர்க்கடலைக் குழம்பு ஒட்டியிருக்க, எறும்பு வந்தது. கழுவினால் குச்சி மறுபடி ஈரம். அப்போதுதான் அண்ணனுக்கு என் லேப் அடுப்பு ஞாபகம் வந்தது. மறுநாள் முதல் என் சாப்பாட்டு டப்பாவில் குச்சிக்கட்டு போயிற்று. எங்கள் லேப் பெரியவர், மலாய்க்காரர், அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு இது என்ன பருப்பு என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அடுப்பை மூடிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் அவரே வந்து, குச்சி காய்ந்ததா என்று விசாரித்தார்.

இத்தனை அமளியில் பலகைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். 'கொஞ்ச நாளைக்கு மட்டும்' என்று அதே மரத்துக் கிளையில் பச்சைக் குச்சிகளை வெட்டி நடுவே வைத்து, வீட்டு முன் கார் நிறுத்துமிடத்தில் அடுக்கியிருந்தார். கார் தெருவில் மழையில் நின்றது. பலகை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மேலே பாரம் வேண்டும். பட்டறையிலிருந்து பழைய கியர்பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றினார். போதவில்லை. அதை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார்.

"எல்லாரும் மேல உக்காந்து சாப்புடுங்க. குச்சிக்கு நேரா உக்காரணும். நடுவுல உக்காந்தா பலகை வளையும்."

அக்கா முதலில் திட்டினார், பிறகு சேலையை இடுக்கிக்கொண்டு ஏறினார். இரண்டடிக்கு ஒருவராக, ஸ்டீவன், கிளாரா, அக்கா, அந்தோணி, நான். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மடியில் தட்டு. தினமும் ராத்திரிச் சாப்பாடு அங்கேதான். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போனவர் வண்டியை நிறுத்தி, இங்கே சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, இறங்கிப் போய் அவருக்கும் ஒரு தட்டு போட்டுத் தந்தார். அந்த வீட்டில் அத்தனை சந்தோஷமாக நான் வேறு எப்போதும் சாப்பிட்டதில்லை.

அண்ணன் மட்டும் உட்காரவில்லை. தட்டைக் கையில் ஏந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு வாய் உக்காந்து தின்னுங்களேன்" என்பார் அக்கா.

"இரு ஃபிலோ. அந்தோணி கொஞ்சம் நகந்துட்டான்."

ஸ்டீவனுக்கு நினைத்ததைவிடச் சீக்கிரம் கடிதம் வந்தது, போய்விட்டான். அவன் குச்சிக்கு நேராக அண்ணன் கியர்பாக்ஸை ஏற்றிவைத்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் எழுந்துபோனார்.

நல்ல குச்சிகள் எல்லாம் கன்னத்திலும் அடுப்பிலும் தேறிவந்த நாளில் அடுக்கைப் பிரித்தோம். பலகைகள் ஏற்கெனவே காய்ந்து போயிருந்தன. ஒவ்வொன்றிலும் குறுக்கே, இரண்டடிக்கு ஒன்றாக, கறுத்த கோடு. தற்காலிகப் பச்சைக் குச்சிகளின் வேலை. அண்ணன் மேசையைப் பூட்டி முடித்தபின்னும் இழைத்துக்கொண்டே இருந்தார். கோடுகள் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு நேராகத் தொடர்ந்து, மேசையின் அகலத்துக்கும் ஓடின. அத்தனை நேராக அல்லவா அடுக்கியிருந்தார். அக்கா வந்து இழைப்புளியின்மேல் கையை வைத்தார்.

"விடுங்க. இது ஸ்டீவன் உக்காந்த எடம். இது கிளாரா. இது நானு. அழிச்சிடாதீங்க."

சாத்தே தின்ற மறுநாள் கோத்தா திங்கிக்குப் போய்வந்தேன். முனைக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். என் சட்டைப் பொத்தானைக் காவுகொடுத்துக் காயவைத்த குச்சிகள் எதற்கும் பயன்படாமல், பாகற்கொடிக்கு நட்டுவைத்த இடத்தில் மக்கிப்போயிருந்தன. கார் நிறுத்துமிடத்தில் கார் நின்றது. கிளாரா கோலாலம்பூரில். அந்தோணியும் ஸ்டீவனோடு சிங்கப்பூரில். சூசை அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது, நிற்க முடியாது. இப்போதெல்லாம் அக்கா கூப்பிடுமுன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறாராம்.

நான் என் கோட்டில் உட்கார்ந்தேன். அக்கா அக்காவின் கோட்டில். அண்ணனுக்குத்தான் கோடு இல்லையே. ஸ்டீவனுக்கும் கிளாராவுக்கும் இடையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல உக்காந்தா பலகை வளையும்னு சொல்வீங்களே, அண்ணே" என்றேன், சும்மா சீண்டுவதற்கு.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தி, இரண்டு பக்கத்துக் கோடுகளையும் பார்த்தார்.

"வளையட்டும் தங்கச்சி. பாரமே இல்லாமத்தான் கெடக்குது."