கொடுங்கோலனுக்கு வைத்த பொட்டு

எனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் இதை எழுதுகிறாள். ஆனால் பஸ் நம்பரைக் கண்டுபிடித்துவிடுவேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்க வேண்டியவள் ஒருநாளும் தாண்டிப் போனதில்லை.

சரஸ்வதி பூஜை என்றால் எனக்கு ஒரே குஷி. படிக்காதவளுக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று மகன் கேலி செய்வான். இந்த வருஷமும் பேத்தியின் புத்தகங்களைப் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவள் பள்ளிக்கூடத்துக்குச் செய்த சார்ட் ஒன்றும் இருந்தது. அதில் ஒரு போட்டோ. சட்டையில் பதக்கம் குத்திய ஆள், மடியில் குழந்தையை வைத்துச் சிரிக்கிறான். யாரோ பெரிய தலைவர் போல என்று அவன் நெற்றியில் நல்ல பெரிய பொட்டாக வைத்து, மேலே ஒரு துண்டு மல்லிகையும் சாத்தினேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி சுண்டல் வாங்க வந்தாள். இலங்கையில் சண்டை நடந்தபோது பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்தவள். குன்றத்தூர் மலைக் கோயிலுக்கு ஏறும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன், முட்டி அப்படி. அந்த நேரம் பேத்தி வந்து சார்ட்டைப் பார்த்தாள்.

“ஆயா, யாருக்குப் பொட்டு வச்சிருக்க தெரியுமா? வேற தேசத்து சர்வாதிகாரி, ஊர் ஊரா ஜனங்களக் கொன்னவன்.”

இவன் ராட்சசனா, நம்மைப் போல மனுஷனா என்று பள்ளிக்கூடத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

“இன்னா இருந்தாலும் அவனும் ஒரு தாய் வயித்துல பொறந்தவன்தானே. கொழந்தைய எப்டி கொஞ்சறான் பாரு” என்றேன்.

தங்கச்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ர பிள்ளையைக் கொண்டுபோக வந்தவன் வாசல்ல நிண்டு தண்ணி கேட்டவன், அக்கா. குடுத்தனான். நல்ல தண்ணி அம்மா எண்டு சொல்லிப்போட்டுத்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனவன். மனுசன்தான். எனக்குத் தெரியும். நீங்கள் அதை ஆறுதல் மாதிரிச் சொல்லாதேங்கோ.”

சுண்டல் கிண்ணத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. மாடியில் துணி காயப்போடும்போது கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதை அவளை வைத்துக்கொண்டு சொன்னேனே. என் வெட்கத்தை மறைக்கத்தானே சொன்னேன்.

கடைசியில் நானே போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்பு கேட்க வாயெடுத்தால், எப்போதும் லொடலொடக்கிற எனக்குப் பேச்சே வரவில்லை. மூச்சு வாங்குவதைப் பார்த்து, உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணி என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளும் எழுந்து போகவில்லை.