எதிர்ப்பட்டறைக் கத்தி

நூலகத்து ஆண்டு மலரில் ‘நம்மூர் ஆட்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. அதில் திருமுருகனைப் பற்றி எழுதித் தரும்படி நூலகர் அந்தோணிராஜ் என்னைக் கேட்டார். “எதிரெதிர்ல பட்டறை வெச்சினு இருக்கீங்க கன்னியப்பன், உங்கள விட அவர யாருக்குத் தெரியும்?” என்றார். நியாயம்தான். நாலு வருஷமாக அவன் கொட்டகையைப் பார்த்தபடிதான் நான் உட்கார்ந்திருக்கிறேன். பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததில் அவனைப் பற்றி அவன் பெண்டாட்டியைவிட எனக்கு அதிகம் தெரியும். மறைக்காமல் எழுதுகிறேன், அச்சுப் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

திருமுருகனுக்கு வயது முப்பத்தெட்டு. அவன் அப்பா உப்பளத்தில் மூட்டை சுமந்தவர். பையன் பத்தாவது முடித்ததும் ஆரோவில் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போனான். பதினேழு வருஷம் தினமும் பஸ்ஸில் போய்வந்து கேட் அடித்தான், ஜன்னல் அடித்தான். கொரோனாவில் அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். ஊரோடு வந்தவன், ஈசிஆர் சாலையில் என் பட்டறைக்கு நேர் எதிரில் தகரக் கொட்டகை போட்டான். வெல்டிங் கடை வரப்போகிறது என்று நான்தான் முதல் ஆளாகப் போய்க் கை கொடுத்தேன். வந்தது கத்திக் கடை.

எங்களுடையது மூன்று தலைமுறையாக இரும்பு அடிக்கிற குடும்பம். உப்பளத்துக்காரர்களுக்கு மண்வெட்டி, கடப்பாரை, மீன்காரம்மாக்களுக்கு அரிவாள்மணை, கல்யாணத்துக்குச் சமைக்கிறவர்களுக்கு வெட்டுக்கத்தி, எல்லாம் என் கையால் போனதுதான். இவன் வெல்டிங் பிடித்த கை. செல்போனில் வீடியோ பார்த்து, தேய்ந்த அரத்தைத் தேய்த்துக் கத்தி செய்து பழகினான். முதல் வருஷம் அவன் செய்த கத்திகளைப் பார்த்து நான் சிரித்தேன். இரண்டாவது வருஷம் சிரிப்பு நின்றுபோயிற்று.

அவன் கத்தியில் பூ வேலை கிடையாது, பளபளப்பும் கிடையாது. ஒரே துண்டு இரும்பு முனையிலிருந்து பிடியின் கடைசி வரை ஓடும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கட்டையை வைத்துப் பித்தளை ஆணி அடித்திருப்பான். அவ்வளவுதான். விற்பதற்கு முன் ஒரு வாரம் அவனே அதை வைத்து வெங்காயம் நறுக்குவான், கயிறு அறுப்பான், பென்சில் சீவுவான். வாரம் முழுக்க அது ஒழுங்காக இருந்தால்தான் வெளியே போகும். இதையெல்லாம் நான் சாலைக்கு இந்தப் பக்கம் இருந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

யாரோ அவன் கத்தியைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அப்புறம் சென்னைப் பதிவு கார்கள் வர ஆரம்பித்தன. வருகிறவர்கள் நேராக அவனிடம் போனால் பரவாயில்லை. என் பட்டறை வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “நைஃப் மேக்கர் திருமுருகன் ஷாப் எதுங்க?” என்று என்னைக் கேட்பார்கள். கையில் சம்மட்டியோடு நிற்கிற என்னை! ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு காரை வேறு திசையில் இருக்கிற பிரம்மதேசத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். “பழைய கோயில் ஒண்ணு பாத்தோம், சூப்பரா இருந்துது, தேங்க்ஸ்ங்க” என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குள் போனார்கள். நான் நாசமாகப் போகச் சொன்ன வழியில்கூட அவனுக்கு வந்தவர்களுக்கு நல்லதுதான் நடந்தது.

வெளியாட்கள் போகட்டும். என் வீட்டுக்குள்ளேயே நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி வசந்தா உப்பளத்தில் வேலை செய்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வாங்கிவந்து பின்பக்கம் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் எதையோ சாக்குக்கு அடியில் தள்ளினாள். சாக்கைத் தூக்கினால் திருமுருகன் கத்தி.

“இது எப்படி இங்க வந்துது?”

“வெச்சுப் பாத்துட்டு சொல்லுங்க அண்ணினு அவரு குடுத்தாரு. ஆறு மாசம் ஆவுது.”

“ஆறு மாசமா! வீட்ல ஆசாரி இருக்கறான், ஒனக்கு எதிர்க் கடை கத்தி கேக்குதா?”

“உன்னுது உளி மாரி கீதுய்யா. இத வெச்சா செதிலு தானா பறக்குது. நான் இன்னா பண்ணட்டும்?”

அவள் போன பிறகு அந்தக் கத்தியைக் கழுவிக் கையில் எடுத்துப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் எடுத்தேன். வெயிலில் காட்டினேன், விரலில் நிறுத்தினேன், முதுகைத் தடவினேன். ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு மீன் குழம்பைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் கோட்டக்குப்பம் சாதிக் பாய் வந்தார். சவூதியில் பதினெட்டு வருஷமாக டிரைவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பக்ரீத் குர்பானிக்குக் கத்தி தீட்டவும் வாங்கவும் என்னிடம்தான் வருவார். இந்தத் தடவை வண்டியை இரண்டு பட்டறைக்கும் நடுவில் நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“எங்க அரபி முதலாளி குளிர் காலத்துல பாலைவனத்துல டென்ட் போட்டு வேட்டையாடுவாரு. முயலு, பறவை. விழுந்தத அறுக்கணும், தோலுரிக்கணும். அவருக்கு ஊர்லேர்ந்து ஒரு வேட்டைக் கத்தி கொண்டுபோறதா சொல்லிட்டேன். சிம்பிளா இருக்கணும், கெட்டியா இருக்கணும். ஆளுக்கு ஒண்ணு செய்யுங்கப்பா. பத்து நாள் கழிச்சு வர்றேன், ஒண்ணத்தான் எடுத்துட்டுப் போவேன்.”

“சரிங்க பாய்” என்றான் திருமுருகன். பதினெட்டு வருஷத்து வாடிக்கை, என்னையும் நேற்று வந்தவனையும் ஒரே தராசில் வைத்துவிட்டார். என் கத்திதான் போக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டேன். போகாவிட்டால் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் நல்ல துண்டாக எடுத்து அடித்தேன். ஒன்பது அங்குலம். முனை கொஞ்சம் மேல் நோக்கி ஏறும், தோலுரிக்கும்போது சதையில் குத்தாது. அடித்தது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் கத்திக்கு உயிர் வருவது பழுக்கக் காய்ச்சித் தோய்க்கும்போதுதான். எனக்குத் தெரிந்தது தொட்டித் தண்ணீர். அவன் எதில் தோய்க்கிறான்?

அதைத் தெரிந்துகொள்ள நாலு நாள் வேவு பார்த்தேன். தோய்க்கும்போது அவன் கொட்டகையின் பின்பக்கம் போய்விடுவான், தெரியாது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு கத்தியும் முடிகிற சமயத்தில் ஐந்து லிட்டர் கேனோடு உப்பளத்துக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவான். உப்புத் தண்ணீர்! தோய்ச்சலுக்குத் தண்ணீரில் உப்புப் போட்டால் இரும்பு இன்னும் இறுகும் என்று அப்பாவும் சொல்லியிருக்கிறார். இதுதான் இவன் ரகசியமா என்று நினைத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை.

“பாத்தியிலேர்ந்து ஒரு கேன் தண்ணி கொண்டா. உப்பு விளையற பாத்தி. இருக்கறதுலயே கெட்டித் தண்ணி” என்று வசந்தாவிடம் சொன்னேன்.

“இருபத்தஞ்சு டிகிரி உப்பேறின தண்ணி எதுக்குய்யா ஒனக்கு? கால வெச்சா புண்ணு எரியுது.”

“எனக்குத்தான் எரியுது. கொண்டா.”

அவன் சாதாரண உப்புத் தண்ணீரில் தோய்த்தால் நான் அதைவிடக் கெட்டியானதில் தோய்க்க வேண்டும். பொறாமை பிடித்தவனுக்குக் கணக்கு இப்படித்தான் ஓடும். கத்தியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி முழுசாக இறக்கினேன். சீறிக்கொண்டு அடங்கியது. எடுத்து அரம் போட்டுப் பார்த்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கீறல் விழவில்லை. அப்படி ஒரு இறுக்கத்தை என் வாழ்நாளில் நான் கொண்டுவந்ததில்லை. லேசான சூட்டில் ஆற வைத்து, தேய்த்து, பிடி போட்டு முடித்தேன்.

பத்தாம் நாள்தான் பாய் வருவார். எனக்கு ஒன்பதாம் நாளே பொறுக்கவில்லை. கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனேன். அவன் முகம் சுண்டுவதை நான் ஒரு நாள் முன்னாலேயே பார்க்க வேண்டும்.

திருமுருகன் கத்தியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். “சூப்பரா இருக்குதுண்ணா” என்றான். அப்புறம் நகத்தால் சுண்டிக் காதருகே வைத்தான். முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாற்றம் இல்லை அது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்தான், சாக்பீஸ் பொடியைத் தூவினான். பிடிக்கு ஒரு அங்குலம் மேலே, வெள்ளைப் பொடியில் தலைமுடி போல ஒரு விரிசல் கோடு எழும்பியது.

“எதுலண்ணா தோய்ச்சீங்க?”

“எனக்குத் தெரியும்டா உன் ரகசியம். உப்பளத் தண்ணில.”

“உப்பளத் தண்ணிலயா? அய்யோண்ணா!” என்றான். “இந்த ஸ்பிரிங் பட்டைய நான் கடலை எண்ணெய்லதான் போடுவேன். உப்புத் தண்ணி பேர் போடறதுக்கு.”

பேட்டரியில் மாட்டிய ஒரு ஒயரையும் பஞ்சையும் எடுத்துக் காட்டினான். பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து மின்சாரத்தோடு தொட்டால் இரும்பு அரித்து எழுத்து விழுமாம். நாலு நாள் வேவு பார்த்து நான் திருடியது கத்தியில் பேர் எழுதுகிற தண்ணீரை. அவன் சிரித்திருந்தால் ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். சிரிக்கவில்லை. அவன் கத்தி முடிந்து மேஜைமேல் கிடந்தது. அதைப் பார்க்காத மாதிரி நான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் பாய் வந்தார். நான் உடைசல் இரும்புக்கு நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். திருமுருகன் சாலைக்கு ஓடிவந்து, “பாய், என்னுது இன்னும் முடியல. நாலு நாள் டைம் குடுங்க. அண்ணனுக்கும் சேத்துதான்” என்றான்.

பச்சைப் பொய். அவன் என்னைக் காப்பாற்றினான் என்பது ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்கு நன்றி வந்ததா என்றால் இல்லை. கத்தியில் என்னை மிஞ்சினது போதாதா, பெருந்தன்மையிலும் மிஞ்ச வேண்டுமா என்றுதான் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. உலையை மூட்டினேன். கடலை எண்ணெயும் வாங்கினேன்.

நாலாம் நாள் பாய் இரண்டு கத்தியையும் என் பட்டறைப் பலகையில் வைத்துப் பார்த்தார். கயிறு அறுத்தார், கை முடியைச் சிரைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் வெட்டின. கடைசியில் என் தொட்டியில் கையை முக்கி, ஈரக் கையால் ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்தார். அவன் கத்தியின் வழவழப்பான பிடி அவர் கைக்குள் நழுவியது. என்னுடையது நகரவில்லை. உப்புத் தண்ணீர் சொட்டுகிற கைகளுக்கு முப்பது வருஷமாகப் பிடி போட்டவன் நான். நடுவில் எங்கே பருக்க வேண்டும், எங்கே இழைக்காமல் விட வேண்டும் என்பது எனக்கு யோசிக்காமலே வரும்.

“ரத்தக் கைக்கு இதுதான்பா சரி. மாஷா அல்லா” என்று என் கத்தியைத் துணியில் சுற்றினார் பாய்.

நான் பாயைப் பார்க்கவில்லை. திரும்பி திருமுருகன் முகத்தைப் பார்த்தேன். நாலு வருஷம் நான் சுமந்ததை ஒரே ஒரு நாள் அவன் சுமக்கட்டும் என்று பார்த்தேன். உதட்டோரம் சின்னதாக ஒரு சுளிப்பு இருந்தாலே எனக்குப் போதும்.

அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். “குடுங்க பாய், ஒரு நிமிஷம்” என்று துணியைப் பிரித்துக் கத்தியை வாங்கி, தன் கையையும் தொட்டியில் நனைத்து, பிடித்து, விட்டு, திரும்பப் பிடித்துப் பார்த்தான். “ண்ணா, எப்படிண்ணா இது? செமயா இருக்குதுண்ணா!” என்றான். பாய் போன பிறகு டீக்கடைக்குப் போய், அண்ணன் கத்தி சவூதிக்குப் போவுது என்று அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வசந்தா உப்பளத்திலிருந்து வருகிற வழியில் டீக்கடையிலேயே விஷயத்தைக் கேள்விப்பட்டு வேகமாக வந்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

“அதான் ஜெயிச்சிட்ட இல்ல? இன்னும் இன்னாத்துக்குய்யா மூஞ்ச தூக்கி வெச்சினு கீற?”

“அவன் சந்தோஷப்படறான்டி” என்றேன்.