எங்கள் வீட்டு ஃபர்னஸ் நின்ற காலை

கனடாவில், ஸ்காபரோவில் இருபது வருடமாக மற்றவர்களின் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸைத் திருத்துகிறவன் நான். ஒரு ஜனவரிக் காலையில் என் வீட்டு ஃபர்னஸ் நின்றுபோனது. அதுவும் மனைவி நெஞ்சு ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஆறாம் நாள். குளிர் பட்டு அவள் நாலு தரம் இருமினால் தையல் என்னாவது? இரண்டு கம்பளியைப் போர்த்தி, அசையக்கூடாது என்று வெருட்டிவிட்டு, பேஸ்மென்றுக்கு இறங்கினேன்.

காற்றாடி சுற்றியது. வாயுவைப் பற்றவைக்கிற இக்னைற்றர் மட்டும் சிவக்கவில்லை. மீற்றர் வைத்துப் பார்த்தேன். அதில் பழுதில்லை, அதற்குக் கரண்ட் வரவில்லை. கரண்டை அனுப்புவது கொன்ட்ரோல் போர்ட். கழற்றித் திருப்பினால் ஒரு மூலை கருகியிருந்தது. சுற்றிலும் ஈரம்.

கோடை என்றால் ஏசி ஒழுகியது என்று சொல்லலாம். ஜனவரியில் ஏது ஏசி? ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். ஃபர்னஸின் பக்கவாட்டில் மண் கலந்த தண்ணீர் வடிந்த கோடு. மேலே தட்டில் கறிவேப்பிலைச் செடி நிற்கிற சாடி. குளிர்காலத்துக்கு வெதுவெதுப்பாக நிற்கட்டும் என்று அதை அங்கே ஏற்றி வைத்த புத்திசாலி நானேதான். ஊரார் வீட்டில் ஃபர்னஸுக்கு மேல் ஒரு துணி கிடந்தாலும் கத்துகிற வாய் இது.

ஆனால் தண்ணீர் ஊற்றியது நானில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். படி இறங்காதே, கையைத் தூக்காதே என்று டொக்டர் சொல்லி அனுப்பியவள், இறங்கி வந்து அந்தத் தட்டுக்குக் கையைத் தூக்கியிருக்கிறாள். எட்டாமல் பாதித் தண்ணீர் வெளியே போயிருக்கிறது.

வேலைக்கு ஓட்டுகிற வானுக்குள் கிடந்த புதுப் போர்டைக் கொண்டுவந்து பூட்டினேன். ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. மேலே ஏறிப் போய்க் கத்தினேன்.

"உமக்கென்ன விசரே? ஒரு கறிவேப்பிலைக்காக உயிரை விடப் போறீரோ? என்னட்டைச் சொன்னா நான் ஊத்த மாட்டனே?"

"கோவிக்காதேங்கோ," என்றாள். "ஆஸ்பத்திரியிலை ஒவ்வொரு நாளும் கேட்டனான், தண்ணி விட்டனீங்களோ எண்டு. நீங்களும் ஓம் ஓம் எண்டனீங்கள். வீட்டை வந்து இறங்கிப் பாத்தா, மண் வெடிச்சுக் கிடக்கு."

உண்மைதான். அந்த நாட்களில் விடிந்தால் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலடி. வீட்டுக்கு வந்தது படுக்க மட்டும். சாடியின் நினைவே வரவில்லை. அவள் கவலைப்படக்கூடாது என்றுதான் ஓம் போட்டேன். பிடிபட்ட வெட்கத்தில் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப ஏன் அதை என்னட்டைக் கேக்கேல்லை?"

"என்னெண்டு கேக்கிறது? ரண்டு கிழமையா என்ரை கட்டிலடிக் கதிரையை விட்டு எழும்பாத மனுசன். அது பச்சையா நிண்டா, நீங்கள் ஊத்தினதாவே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அவளுடைய காலடியில் உட்கார்ந்து அழுதேன்.