பதினோரு பாதங்களின் புகார்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘வெண்கலத் தொண்டை’ என்றால்தான் தெரியும். மூன்றாம் மாடியில் அவள் தும்மினால் வாசலில் காவலாளி எழுந்து நிற்பார். பிறந்து ஓரிரு நாளான, உயிருக்குப் போராடும் குழந்தைகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் நர்ஸ் வேலை. பதினாறு வருஷத்தில் இடது காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்ற நினைப்பில் குரல் தானாக ஏறிவிட்டது.

அப்படிப்பட்டவள்தான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடி பிடித்தாள். பறக்கும்போது பைலட்டுக்குக் காதுமூடி உண்டு, டாக்டருக்கு உண்டு, அவளுக்கும் உண்டு. இன்குபேட்டருக்குள் கிடக்கும் ஒன்றேகால் கிலோ ஜீவனுக்கு மட்டும் கிடையாது. மெத்தை என்ற பெயரில் அடியில் ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச். இஞ்சின் அதிர அதிர அந்தக் குட்டித் தாடை நடுங்குவதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். சின்னக் காதுமூடியும் அதிர்வு தாங்கும் ஜெல் மெத்தையும் கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தாள்.

சாமான் வாங்கும் அதிகாரி அசைந்து கொடுக்கவில்லை. “இத்தனை வருஷத்துல ஒரு புகார் வந்திருக்காம்மா? எழுத்துல வரட்டும், கையெழுத்தோட.”

“யாரு சார் புகார் தரணும்?”

“பாதிக்கப்பட்டவங்கதான்.”

“சரிங்க சார்” என்று அவள் அடக்கமாகச் சொன்னாள். அப்போதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அவர் மேஜையில் பதினோரு புகார்கள். ‘சத்தம் தாங்கவில்லை, உடம்பெல்லாம் உதறியது’ என்று ஒவ்வொன்றிலும் எழுதி, பக்கத்தில் மீட்டர் காட்டிய சத்தத்தின் அளவு. கீழே, கையெழுத்துக்கான இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பாதம். பிறந்த குழந்தையின் பாதத்தை மையில் ஒற்றிப் பதிவேட்டில் வைப்பது வழக்கம். அம்மாக்களிடம் கேட்டு அவள் இன்னொரு ஒற்று எடுத்திருந்தாள். ஒருத்திகூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

அதிகாரியும் லேசுப்பட்டவரல்ல. “சாட்சி இல்லாம இதெல்லாம் செல்லாதும்மா.”

“அப்ப நீங்களே வாங்க சார்.”

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். குழந்தையை ஏற்றாத ஒரு சோதனைப் பயணத்தில் அவரை ஏற்றினார்கள். இருந்த காதுமூடிகள் மூன்றே மூன்று; அவருக்கு மிச்சமில்லை. மூன்றாவது நிமிஷத்தில் அவர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார். “கேக்கல சார்!” என்று அவள் சிரித்தாள். பத்து நிமிஷம் கழித்து இறங்கியதும், கை உதறல் நிற்காமலே, பதினோரு தாளிலும் கோணல்மாணலாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

மெத்தையும் காதுமூடியும் வந்தன. அவற்றோடு போன முதல் பயல் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அசையாமல் தூங்கினான். பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கத்தை அவள் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. வார்டில் அவனைக் கிடத்தி, அவன் காதுமூடியைக் கழற்றியவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“வழி பூரா தூங்கிட்டான் டாக்டர்!”

பயலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீறிட்டு அழுதான். வார்டே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு புகார்த் தாளையும் மைப்பெட்டியையும் எடுத்து அவன் காலடியில் வைத்தாள்.

“என் மேலயும் ஒண்ணு போட்டுடு ராஜா” என்றாள், அந்த ஆஸ்பத்திரி அதுவரை கேட்டிராத சின்னக் குரலில்.