பதின்மூன்று விலா எலும்புகள்

ஐப்பசி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம், நசநசவென்று தூறல். விழுப்புரத்துக் கறிக்கடையில், புரட்டாசி விரதம் முடித்தவர்களின் வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றபோதே ஈரச் சாக்கும் கொழுப்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. அறுபத்திரண்டு வருடமாக என்னைக் குமட்ட வைக்கும் வாடை அது.

அப்போது எனக்குப் பத்து வயது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மறுவிருந்தில் அக்கா புருஷன், அதாவது மாமாவின் இலையில் கழுத்தெலும்பும் அவருடைய தம்பி இலையில் விலா எலும்பும் விழுந்துவிட்டன என்பதற்காக, அந்த மனிதர் அக்காவை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய் எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது. தலைதீபாவளிக்கு வர எப்படியோ சம்மதித்தார். அன்று அவர் வயிறு நிறைந்தால்தான் அக்கா ஊர் திரும்புவாள் என்பது எனக்கே தெரியும்.

எட்டு வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை அறுத்து, வாழையிலைகளில் சமமாக எட்டுக் "கூறு" போட்டார்கள். அப்பா தொடையும் வேண்டாம் ஈரலும் வேண்டாம் என்று மற்ற ஏழு பேரிடமும் கெஞ்சி, ஒரு பக்கத்து விலாவை முழுசாக வாங்கி வந்தார். பதின்மூன்று எலும்பு, எண்ணிப் பார்த்தேன்.

பலகாரச் சட்டியை விட்டு அம்மாவால் நகர முடியாததால் வேலை என் தலையில் விழுந்தது. உட்புறம் ஒட்டியிருக்கும் "ஜவ்வை" உரித்தால்தான் உப்பும் காரமும் கறியில் இறங்கும். கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பி, வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு இழுத்தால், அது சளிபோல நீண்டு, பாதியில் அறுந்து, நகக்கண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு கறியை மிருதுவாக்க அரைத்த பப்பாளிக்காய். "உலைய வெச்சிட்டு தடவு, சோறு வடிச்சதும் கழுவிடு. நேரமாச்சின்னா கூழாப் பூடும்" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். அந்தக் கறியை இன்னொரு தடவை தொட எனக்கு மனசு வரவில்லை. ஒரே அருவருப்போடு முடியட்டுமென்று காலை ஆறு மணிக்கே பப்பாளியை அப்பி மூடி வைத்துவிட்டேன்.

ஆறு மணி நேரம் கழித்து, மிளகும் பூண்டும் தயிரும் பூசிக் கும்மட்டி அடுப்பின் கம்பி வலையில் வைத்தபோது, கறி எலும்பை விட்டு நழுவி நெருப்பில் சொத் சொத்தென்று விழுந்தது. மிஞ்சியதை வழித்துத் தட்டில் வைத்தார்கள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா மாப்பிள்ளையின் முகத்தையே பார்க்கவில்லை. மாமா ஒரு வாய் எடுத்துப் போட்டு, நாக்கால் துழாவி, என்னைப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது? இத துன்ன பல்லே வாணாமே!"

முதலில் அக்காதான் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து அவரும் சிரித்தார். மாலைப் பேருந்தில் இருவரும் சேர்ந்தே போனார்கள். நான் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

நான் கறிக்கடை வரிசையில் நின்றதற்கு முந்தின நாள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா நாலு நாளா ஒண்ணும் துன்ன மாட்டேங்கறாருடா. நீ அன்னிக்கு கெடுத்து வெச்சியே, அது வேணுமாம்."

அதனால்தான் இந்த வயதில் மறுபடியும் ஜவ்வு உரித்து, பப்பாளி அப்பி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்ளத் திண்டிவனம் போனேன். ஆறு மணி நேரம் ஊறியது அதே நாற்றத்தோடு கூழானது. இந்த முறை வலையின்மேல் வாழையிலையை விரித்துச் சுட்டேன். மாமா உறிஞ்சி, சப்பி, தாடையில் ஒழுகவிட்டு, ஒன்பது எலும்பைக் காலி செய்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூறு போட்ட எட்டு வீட்டுப் பெரியவர்களில் இன்று ஒருவரும் இல்லை. மாமாவின் முப்பத்திரண்டு பல்லில் இருப்பது நாலு. அன்றைக்குச் செலவு: கறி ஆயிரத்து முந்நூற்றைம்பது, பப்பாளிக்காய் இருபது, கரி அறுபது, போக வரப் பேருந்துக்கு எண்பது, ஆக மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.