மூடப்படாத ஃபைல்கள்

லக்ஷ்மிப்ரியா ஆக்லாந்துக்கு வந்தபோது கணவன் கதிருக்கு மட்டும்தான் வேலை இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, மங்கரேயில் விமான நிலையத்தை ஒட்டிய சரக்கு நிறுவனமொன்றில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கோயம்புத்தூரில் பார்த்த அதே வேலைதான். ஆனாலும் இடையில் வீட்டிலிருந்த வருடங்கள் அவளைத் தயங்க வைத்தன. தனக்குத் தெரிந்ததைக்கூடச் சந்தேகத்தோடுதான் சொல்வாள்.

அந்தக் கோடையில், சரக்குகளைப் பதிவு செய்யும் கணினி நிரல் மதிய வேளைகளில் நின்றுபோக ஆரம்பித்தது. கிடங்கின் மேற்பார்வையாளர் மோகினி, மீன் பெட்டிகள் விமானத்தில் ஏறாமல் நிற்பதாகப் போன் செய்வாள். சர்வரில் ஒரே புகார்தான் பதிவாகியிருந்தது: திறந்திருக்கும் ஃபைல்கள் அளவு மீறிவிட்டன. சர்வரை இயக்கும் லினக்ஸில் ஒரு நிரல் ஒரே சமயத்தில் எத்தனை ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நெட்வொர்க் இணைப்புகளும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

லக்ஷ்மிப்ரியா வரம்பை உயர்த்தினாள். தன் திரையில் சரிபார்த்தாள். புதிய எண்ணைக் காட்டியது. சரியாகிவிட்டது என்று மேலாளருக்கு எழுதினாள். மறுநாள் மதியம் நிரல் மறுபடியும் நின்றது.

மேலாளர் கடிந்து பேசவில்லை. நேற்றே சரியாகிவிட்டதாகச் சொன்னீர்களே என்று மட்டும் கேட்டார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இந்த முறை ஓடிக்கொண்டிருந்த நிரலையே நேராகப் பார்த்தாள். அதற்குப் பழைய வரம்புதான் இருந்தது. அவள் மாற்றியது சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் ஆட்களுக்கான வரம்பு. சர்வர் தானாகத் தொடங்கும் நிரலுக்கு அதன் சொந்த அமைப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மாற்றி, நிரலை மறுபடி ஓடவிட்டாள். அதன்பின் அது நிற்கவில்லை. எல்லோரும் அதை மறந்தார்கள்.

அவளால் முடியவில்லை. கிடங்கில் வேலையே இல்லாத ஞாயிற்றுக்கிழமை கூடத் திறந்திருந்த ஃபைல்களின் எண்ணிக்கை இறங்கவில்லை. வரம்பு பெரிதானதால் தொல்லை தள்ளிப்போயிருக்கிறதே தவிர, தீரவில்லை. ஆனால் அந்த நிரலை எழுதியவர் அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் யசீகரன். யாழ்ப்பாணத்துக்காரர், நேர்முகத் தேர்வில் அவளுக்காகப் பரிந்து பேசியவர். இரண்டு நாள் சொல்லாமல் சுமந்து திரிந்தாள். பிறகு அவர் மேசைக்குப் போனாள்.

"யசீ அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம புரோகிராம் திறக்கிற ஃபைலை எங்கயோ மூடாம விடுது. லிமிட்டை ஏத்துனதால இப்ப தெரியல, அவ்வளவுதான்."

அவர் நிரலை வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஓம், நான் எழுதினதுதான். மற்றப் பக்கத்தால பதில் வராட்டி இதிலயே வெளிய வந்திடுது, மூடுறேல்லை. நீங்கள் சொல்லாட்டி நான் இந்தப் பக்கமே பாத்திருக்க மாட்டன்."

அன்றே திருத்தினார். அதன்பின் எண்ணிக்கை பகலில் ஏறி, வேலை ஓய்ந்ததும் இறங்கியது. அடுத்த கூட்டத்தில், பிழை தன்னுடையது, கண்டுபிடித்தவர் லக்ஷ்மிப்ரியா என்று அவரே சொன்னார். அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழ்ச்சியைவிட, இரண்டு நாள் அவரைத் தவறாக எடைபோட்டோமே என்ற எண்ணம்தான் முன்னால் வந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, தான் புதிதாக எழுதுவதை ஓடவிடும் முன் அவள் ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா என்று யசீகரன் கேட்டார். சரி என்றாள், இந்த முறை தயங்காமல்.